சுண்ணாம்பு மண்ணும் வெள்ளைத் திராட்சையும்

ஒயின் விற்பவர்கள் பெருமையாகப் பேசும் ‘மண்ணின் சுவை’ உண்மைதானா? ஷாம்பெயின் முதல் யாழ்ப்பாணம், நாசிக் வரை கிளறிப் பார்த்தால் கிடைக்கும் பதில் வேறு.

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி பஸ் நிலையத்துக்குச் சாலையைக் கடக்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது பழ வண்டிகள். ஒரு வண்டியில் திராட்சை இரண்டு குவியலாகக் கிடக்கிறது. ஒன்று கறுப்பு, மற்றது பச்சை. கறுப்பு கம்பத்திலிருந்து வந்தது, பச்சை நாசிக்கிலிருந்து. நாகர்கோவில் தமிழ் பேசும் வண்டிக்காரருக்கு இந்த விவரம் போதும். இவை எந்த மண்ணில் விளைந்தவை அண்ணாச்சி என்று கேட்டால் சிரிக்கிறார். ஒரு பழத்தைக் கிள்ளிக் கொடுத்து, தின்று பார்க்கச் சொல்கிறார்.

கேள்விக்குக் காரணம் உண்டு. பக்கத்து லாட்ஜில் மேஜை மேல் ஒரு மொழிபெயர்ப்பு வேலை பாதியில் நிற்கிறது. ஒரு வெள்ளை ஒயினைப் பற்றிய விளம்பரக் குறிப்பு அது. தோட்டம் ஒரு குடும்பத்தின் சொத்து. மண் சுண்ணாம்பு மண். அந்தச் சுண்ணாம்பைக் கோப்பையிலேயே ருசிக்கலாம் என்கிறது குறிப்பு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் பழகிய தமிழ் வாசகனுக்கு இந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வது? சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துவிடும் என்பதல்லவா அவன் அனுபவம்?

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கடற்கரையில் பொறுக்கிச் சுடுவது கிளிஞ்சல் சுண்ணாம்பு. கரிசல் காட்டில் ஏர் முனையில் தட்டுப்படும் வெள்ளை உருண்டை சுக்கான்கல். மேல்நாட்டிலிருந்து வந்த மென்மையான வெள்ளைக்கட்டி சீமைச் சுண்ணாம்பு. கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் இன்று பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்யப்படுவதால் இந்தக் குடும்பத்தில் சேராது. ஒயின் எழுத்தாளர்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது. சுக்கானில் பயிர் செய்வதும் சீமைச் சுண்ணாம்பில் பயிர் செய்வதும் ஒன்றல்ல.

தம்பானூரில் நின்றுகொண்டு இதை யோசிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கேரளத்தின் பெரும்பகுதி செம்புறை மண். 1800இல் மலபாரைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், அங்காடிப்புரத்தில் மண்ணைச் செங்கல் செங்கல்லாக வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்தார். 1807இல் வெளியான தன் நூலில் அந்தக் கல்லுக்கு அவர் வைத்த ‘லாட்டரைட்’ என்ற பெயர்தான் உலகம் முழுக்க நிலைத்தது. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலமும் அடித்துப் பெய்து, இந்த மண்ணிலிருந்த சுண்ணாம்பை என்றோ கரைத்துக்கொண்டு போய்விட்டன. எஞ்சியது இரும்பும் புளிப்பும். இங்கே விவசாயி சுண்ணாம்பை மூட்டையில் வாங்கித் தூவுகிறார். ஆகவே தம்பானூரில் திராட்சை வண்டியில் இருக்கும், தோட்டத்தில் இருக்காது.

ஊறும் பாறை

சுண்ணாம்பு நிலத்தில் வெள்ளைத் திராட்சை என்றதும் நினைவுக்கு வருவது பிரான்சின் ஷாம்பெயின் பிரதேசம். சுமார் 34,000 ஹெக்டேர் தோட்டம். பயிர் செய்பவர்கள் 16,000க்கும் மேல். சராசரியாகப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு ஐந்து ஏக்கரைச் சற்றே தாண்டும். உலகத்தின் ஆடம்பரப் பானம் நம்மூர் சிறு விவசாயி அளவு நிலங்களிலிருந்துதான் வருகிறது. எப்பெர்னே நகருக்குத் தெற்கே உள்ள மலைச்சரிவுக்கு ‘வெள்ளைகளின் சரிவு’ என்றே பெயர். கிராமான், அவீஸ், ஓஜே, மெனில் என்று வரிசையாக வரும் கிராமங்களில் கிட்டத்தட்ட முழுக்க ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை.

மேல் மண்ணைத் தோண்டினால் அடியில் சீமைச் சுண்ணாம்பு. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் கடைசிக் கட்டத்தில் கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உண்டான பாறை இது. நகத்தால் கீறலாம். ஆனால் அதன் பெருமை வெண்மையில் இல்லை, துளைகளில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் பாறை 300 முதல் 400 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை பெய்தால் அதிக நீர் கீழே வடிந்துவிடும், வேர் அழுகாது. கோடையில் உள்ளே ஊறிக் கிடக்கும் நீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மெதுவாக மேலே வரும். கொடி தாகத்தில் சாவதும் இல்லை, வயிறு முட்டக் குடிப்பதும் இல்லை.

திராட்சைக்கு இந்த அரைத் தாகம் முக்கியம். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் கொடி இலையும் தளிருமாக ஓடும். பழம் ஊதும், சாறு நீர்த்துப்போகும். தண்ணீர் அறவே நின்றால் இலை கருகும், பழம் பழுக்காமல் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே கொடியை நிறுத்தும் வேலையைச் சீமைச் சுண்ணாம்பு தானாகவே செய்கிறது.

தெற்கு ஸ்பெயினில் ஹெரேஸ் நகரைச் சுற்றி இதே வித்தை வேறு வேஷத்தில் நடக்கிறது. அங்குள்ள வெள்ளை மண்ணுக்கு அல்பாரிஸா என்று பெயர். குளிர்கால மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சும். கோடை வந்ததும் மேற்பரப்பு இறுகி ஓடுபோலாகி, உள்ளே இருக்கும் ஈரத்துக்கு மூடி போட்டுவிடும். அறுவடை முடிந்ததும் வரிசைகளுக்கு நடுவே பாத்தி கட்டி மழையைப் பிடிப்பது அங்கத்திய வழக்கம். நம் மானாவாரி விவசாயிக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். அங்கே விளைவது பாலோமினோ என்ற வெள்ளைத் திராட்சை.

சுண்ணாம்பு வெள்ளை, ஆகவே பழமும் வெள்ளை என்று யாரும் முடிச்சுப் போட வேண்டாம். பழத்தின் நிறம் மண்ணில் தீர்மானமாவதில்லை. தோலில் கருநீல நிறத்தை உண்டாக்கக் கட்டளையிடும் இரண்டு மரபணுக்கள் என்றோ ஒரு காலத்தில் பழுதானதால் பிறந்தவைதான் வெள்ளைத் திராட்சைகள் என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2007இல் காட்டினார்கள். ஷாம்பெயினிலேயே ரான்ஸ் மலைப்பக்கம் சுண்ணாம்புப் பாறை மேல் பீனோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை அமோகமாக விளைகிறது.

அப்படியானால் கோப்பையில் தெரியும் ‘சுண்ணாம்புச் சுவை’? பிரிட்டிஷ் புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் பல ஆண்டுகளாக இதைத்தான் கேட்டுவந்தார். 2018இல் வெளியான அவருடைய நூல் திராட்சைத் தோட்டங்களின் பாறைகளையும் மண்ணையும் பற்றியது. சுண்ணாம்புப் பாறைக்கு மணமும் இல்லை, நாவில் கரையும் சுவையும் இல்லை. வேர் உறிஞ்சுவது பாறையை அல்ல. நீரில் கரைந்த உப்புகளை, அதுவும் மிகச் சிறிய அளவில். பழத்தின் சர்க்கரையும் புளிப்பும் மணமும் இலையிலும் பழத்திலும் வெயிலைக் கொண்டு தயாராகின்றன. மீதியைப் பானையில் ஈஸ்ட் செய்கிறது. மண் சமையலுக்குப் பொருள் தருவதைவிட அடுப்பின் தீயை ஏற்றி இறக்குகிறது என்று சொல்லலாம். அந்தத் தீயின் பெயர் தண்ணீர்.

பழுக்கும் இலை

சுண்ணாம்பின் இன்னொரு முகத்தை விளம்பரங்கள் காட்டுவதில்லை. மண்ணில் சுண்ணாம்பு கூடினால் அதிலுள்ள இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். வேர் எவ்வளவு துழாவினாலும் கிடைக்காது. இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக வெளுக்கும். பிறகு ஓரம் கருகும். பச்சையம் இல்லாத இலை சர்க்கரை செய்யாது. மகசூல் விழும். அன்னபேதி உப்பைக் கரைத்து இலைமேல் தெளித்தால் தற்காலிகமாகப் பச்சை திரும்பும். மண் மாறாதவரை நோய் திரும்பி வரும்.

இந்த மஞ்சள் இலை 19ஆம் நூற்றாண்டில் பிரான்சையே உலுக்கியது. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி 1860களிலிருந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் பூச்சியைத் தாங்கும். அதன்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினால் பிழைக்கும் என்று கண்டுபிடித்தார்கள். ஒட்டுக்கட்டிய கொடிகள் மற்ற மண்ணில் தழைத்தன. கோன்யாக் போன்ற சுண்ணாம்பு நிலங்களில் மட்டும் மஞ்சளாகி மடிந்தன. பூச்சிக்குத் தப்பினால் சுண்ணாம்பு கொன்றது.

1887இல் பியேர் வியாலா என்ற தாவர விஞ்ஞானியைப் பிரான்ஸ் அமெரிக்காவுக்கு அனுப்பியது. சுண்ணாம்பு நிலத்தில் தானாக வளரும் காட்டுத் திராட்சையைத் தேடுவது அவர் வேலை. பல மாநிலங்கள் அலைந்து கடைசியில் டெக்ஸாஸில், டெனிசன் ஊரில் வாழ்ந்த டி.வி. மன்சன் என்ற திராட்சை ஆராய்ச்சியாளரிடம் வந்து சேர்ந்தார். டெக்ஸாஸின் சுண்ணாம்புக் குன்றுகளில் பெர்லாந்தியேரி என்ற காட்டுக் கொடி பச்சைப் பசேலென்று வளர்ந்துகொண்டிருந்தது. அதன் வேர் வம்சத்தில் வந்த 41பி போன்ற ஒட்டு வேர்கள்தான் ஷாம்பெயின், கோன்யாக் நிலங்களை மீட்டன. 1888இல் பிரெஞ்சு அரசு மன்சனுக்கு விருது கொடுத்தது. பிரெஞ்சு மண்ணின் சுவை என்று இன்று கொண்டாடப்படுவது டெக்ஸாஸ் காட்டு வேரின் தோளில் உட்கார்ந்திருக்கிறது.

முந்திரிகைப் பந்தல்

தமிழர் நிலத்தில் சுண்ணாம்புப் பாறைமேல் குடும்பம் குடும்பமாகத் திராட்சை வளர்க்கும் இடம் உண்டா? உண்டு. கடல் தாண்டி யாழ்ப்பாணம் போக வேண்டும். அங்கே திராட்சைக்கு முந்திரிகை என்று பெயர். தமிழகத்தில் அந்தச் சொல் பாயசத்தில் போடும் பருப்புக்குப் போய்விட்டது. யாழ்ப்பாணம் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறது.

குடாநாடு முழுவதுமே ஒரு சுண்ணாம்புக்கல் பலகை. மேலே சில இடங்களில் செம்மண் சில அடிதான். காங்கேசன்துறை சிமென்ட் ஆலை இந்தக் கல்லை நம்பித்தான் போருக்கு முன் இயங்கியது. அதே கல்லின்மேல் வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை, வெங்காயம், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே முந்திரிகைப் பந்தல்கள். வேலி அடைத்த வளவுக்குள், கிணற்றடியை ஒட்டி, சில பரப்புக் காணியில் குடும்பமே வெட்டி, கட்டி, மருந்தடித்துப் பறிக்கும். பெரும்பாலும் கருநீலப் பழம். ‘இஸ்ரேல் புளூ’ என்ற ரகம் பரவலாக வழங்குகிறது. வசாவிளானுக்கு அருகே தோலகட்டியில், தோமஸ் அடிகள் 1928இல் தொடங்கிய கத்தோலிக்கத் துறவியர் ஆசிரமத்தின் முந்திரிகை ரசமும் நெல்லி ரசமும் யாழ்ப்பாண வீடுகளுக்கு நன்கு தெரிந்தவை.

ஷாம்பெயினில் இருப்பதும் சுண்ணாம்பு, யாழ்ப்பாணத்தில் இருப்பதும் சுண்ணாம்பு. ஆனால் நடத்தை நேர்மாறு. யாழ்ப்பாணக் கல் கடினமானது. வெடிப்பும் பொந்துமாக அரித்துப்போனது. மழைநீர் அதில் ஊறுவதில்லை, பொந்து வழியே இறங்கிவிடுகிறது. நிரந்தரமாக ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. மார்கழிக்குள் பெய்யும் வாடைக்கால மழை நிலத்தடியில் தேங்குவதுதான் வருஷம் முழுவதற்குமான இருப்பு. அந்த நன்னீரும் அடியிலுள்ள உப்புநீர்மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பதை ஊரார் காலங்காலமாக அறிவார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி இறங்கினால், கீழேயிருந்து உப்பு சுமார் நாற்பது அடி ஏறும் என்பது நிலத்தடி நீர் வல்லுநர்களின் பொதுக் கணக்கு. துலா மிதித்த காலத்தில் கிணறு தானே மீண்டது. மோட்டார் வந்த பிறகு அந்தப் பொறுமை குறைந்தது. தோட்டத்துக்குப் போடும் உரத்தின் நைத்திரேட்டும் அதே பொந்துகள் வழியே குடிநீரில் கலப்பதாக ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இதற்கு மேல் போர். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். பலாலி, வசாவிளான் பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. 2009இல் போர் முடிந்த பிறகு நிலங்கள் துண்டு துண்டாகத் திரும்பின. முந்திரிகை நட்டுவிட்டு மறுவருஷம் பிடுங்குகிற பயிரல்ல. பந்தல் போட்டுப் பல வருஷம் காக்க வேண்டும். ஒரு தலைமுறை ஊரில் இல்லாவிட்டால் சுண்ணாம்புக்கல் அப்படியே இருக்கும். தோட்டம் இருக்காது.

கரிசலில் சுக்கான்

இந்தியாவில் வெள்ளை ஒயினுக்குத் திராட்சை அதிகம் விளைவது மகாராஷ்டிரத்தின் நாசிக் வட்டாரத்தில். எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து பிறந்த கரிசல் மண். பல இடங்களில் உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் உருண்டைகள். மழை குறைந்த பூமியில் கரைந்த சுண்ணாம்பு அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே மறுபடி இறுகுவதால் வருவது இது. ஷாம்பெயின் பாறைபோல் தண்ணீரைப் பிடித்துக் கொடுக்கும் திறம் இந்த உருண்டைக்கு இல்லை. இலையை மஞ்சளாக்கும் திறம் மட்டும் உண்டு.

தம்பானூர் வண்டியில் பச்சையாகக் கிடக்கும் விதையில்லாத் திராட்சையும் இந்த நாட்டில்தான் விளைகிறது. 1990களில் வறட்சியையும் உப்பையும் சமாளிக்க மகாராஷ்டிர விவசாயிகள் ‘டாக்ரிட்ஜ்’ என்ற ஒட்டு வேருக்கு மாறத் தொடங்கினார்கள். அதுவும் டெக்ஸாஸ் சரக்குதான். அதைத் தேர்ந்தெடுத்தவரும் அதே மன்சன். பிறகு 110ஆர் என்ற வேரும் பரவியது. அது பெர்லாந்தியேரியின் வாரிசு. வியாலா தேடிப்போன கொடியின் பேரப்பிள்ளை நாசிக் கரிசலில் சுக்கானோடு மல்லுக்கட்டுகிறது. 1997இல் புனே அருகே மஞ்சரியில் தொடங்கிய தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம், சுண்ணாம்பு அதிகமான நிலங்களுக்குக் கந்தகம் இட்டுப் பதப்படுத்தச் சொல்கிறது. பிரான்சில் பெருமைக்குரிய பொருள் இங்கே வைத்தியம் பார்க்க வேண்டிய நோய்.

நாசிக்கில் தண்ணீரைச் சொட்டாக அளந்து விடுவது குழாய். ஷாம்பெயினில் பாறை செய்வதை இங்கே விவசாயி தன் கையால், தன் மின்கட்டணத்தில் செய்கிறார். ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. வெள்ளை ஒயினுக்குப் புளிப்பு உயிர். வெயிலில் அது வேகமாகக் குறையும். சோவிஞ்ஞோன் பிளாங், செனின் பிளாங் ரகங்களை வெயில் ஏறுமுன் பறித்துக் குளிர் தொட்டிக்கு அனுப்ப அவசரப்படுவது அதனால்தான்.

1997இல் ராஜீவ் சாமந்த் நாசிக்கில் சோவிஞ்ஞோன் பிளாங் நட்டார். அவருடைய சூலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000இல் வந்தது. 2001இல் மாநில அரசு சலுகைக் கொள்கை அறிவித்தது. சின்னச் சின்னக் குடும்பங்கள் தின்னும் திராட்சையைப் பிடுங்கிவிட்டு ஒயின் திராட்சை நட்டன. 2008க்குப் பின் பொருளாதார மந்தமும் மும்பைத் தாக்குதலும் சேர்ந்து விற்பனையை அடித்தன. தொட்டிகளில் ஒயின் தேங்கியது. வாங்க ஆளில்லாத பழம் கொடியில் தொங்கியது. பலர் கொடிகளை வேரோடு பிடுங்கினார்கள். வெள்ளை ஒயின் திராட்சையைச் சந்தையில் கூறு கட்டி விற்க முடியாது. சிறிய பழம், உள்ளே விதை. மண் பல வருஷம் பழகிச் சொல்லும் பதிலைக் கேட்கச் சந்தைக்குப் பொறுமை இருக்கவில்லை.

பெரியாற்றுத் தண்ணீர்

திரும்பத் தம்பானூர். வண்டியின் கறுப்புக் குவியல் கம்பம் பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது இதன் பிறந்த வீட்டுப் பெயர். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது வழிவழிச் செய்தி. கறுப்புத் தோல் ஒரு பக்கத்துச் சொத்து. பன்னீர் மணம், மஸ்கட் ஆப் அலெக்சாண்ட்ரியா என்ற வெள்ளைத் திராட்சையின் வழி வந்தது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பது கம்பத்தின் தனிச்சிறப்பு.

கம்பத்தின் புகழ் சுண்ணாம்பை நம்பியதல்ல. அங்கே கொடியின் தாகத்தை அளந்து தீர்ப்பது, மேற்கே கேரளத்தில் விழும் மழை. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அது பள்ளத்தாக்குக்கு வருகிறது. அந்த அணையைப் பற்றிய வழக்குகளும் அச்சங்களும் இரு மாநிலங்களிலும் எல்லாருக்கும் தெரியும். அதே தண்ணீர் பழமாகி மலையேறித் தம்பானூர் வண்டிக்குத் திரும்புவதை யாரும் நினைப்பதில்லை.

சீமைச் சுண்ணாம்பு தண்ணீரை ஊறவைத்துக் கொடுக்கிறது. யாழ்ப்பாணக் கல் தண்ணீரை ஒளித்துவைத்து உப்பின்மேல் மிதக்கவிடுகிறது. நாசிக் சுக்கான் கொடுப்பதற்குப் பதில் பிடுங்குகிறது. கம்பத்தில் வாய்க்கால் கொடுக்கிறது. நான்கு இடத்திலும் குடும்பங்கள் இரவில் கணக்குப் பார்ப்பது மண்ணின் சுவையை அல்ல, இந்த வருஷத்துத் தண்ணீரை. சுண்ணாம்பு நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, ஏற்கெனவே சுக்கான் நிறைந்த நிலத்தில் இன்னும் சுண்ணாம்பைக் கொட்டுகிறவர் நட்டப்படுவது உறுதி. முதலில் மண் பரிசோதனை, அதோடு கிணற்று நீர்ப் பரிசோதனை. வெற்றிலைக்குப் போலவே கொடிக்கும் அளவுதான் சுண்ணாம்பு.

லாட்ஜ் அறையில் மொழிபெயர்ப்பு முடிகிறது. ‘சுண்ணாம்பை ருசிக்கலாம்’ என்ற வரி அடிபட்டு, ‘தண்ணீரை அளந்து கொடுக்கும் சுண்ணாம்பு நிலத்தில் விளைந்தது’ என்று ஆகியிருக்கிறது. விளம்பரக்காரர் இதை ஏற்பாரா என்பது தெரியாது. பழ வண்டி அண்ணாச்சி ஏற்பார்.